இடுப்பு வளைய முறிவு: ஒரு சென்டிமீட்டர் கீறல் வழியே ஸ்க்ரூ

[காட்சி: இடுப்பெலும்பு மாதிரி மெல்லச் சுழல்கிறது]

வயதானவர்கள் வழுக்கி விழுந்து ‘இடுப்பு உடைந்தது’ என்றால், உடைவது பெரும்பாலும் தொடை எலும்பின் மேல்முனை. இந்த வீடியோ அதைப் பற்றியது அல்ல. இது இடுப்பு வளையத்தைப் பற்றியது: நடுவே முதுகெலும்பின் அடிப்பகுதியான திருவெலும்பும் இருபுறமும் அகன்ற இடுப்பெலும்புகளும் சேர்ந்த வளையம். லாரி மோதியோ உயரத்திலிருந்து விழுந்தோ உடையும்போது, கண்ணாடி வளையலைப் போல, ஓரிடத்தோடு நிற்பது அரிது. முன்னால் முறிவு தெரிந்தால் பின்னாலும் தேட வேண்டும்.

முன்பு முதுகுப்புறத்தை நீளமாகத் திறந்து பிளேட் வைப்பது வழக்கம். நசுங்கிய தோலில் கத்தி வைத்தால் புண் ஆறாமல் சீழ் பிடிக்கும் அபாயம் அதிகம். உள்ளே அடங்கியிருந்த ரத்தக்கசிவும் மீண்டும் தொடங்கலாம். 1990களில் அமெரிக்காவின் சியாட்டிலில் டாக்டர் ரவுட்டும் அவருடைய குழுவினரும், நோயாளியை மல்லாந்து படுக்கவைத்தே தோல் வழியாக ஸ்க்ரூ செலுத்தும் முறையைப் பரவலாக்கினார்கள்.

[காட்சி: அறுவை அரங்கு, சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவி]

ஸ்க்ரூ போடுவதற்கு முன், விலகிய எலும்பை இழுத்து அதன் இடத்தில் சேர்க்க வேண்டும். அது சேராவிட்டால் திறந்துதான் ஆக வேண்டும். கோணலாக நிற்கும் எலும்பை ஸ்க்ரூ கோணலாகவே பிடித்துவைக்கும்.

பிறகு பிட்டத்தின் பக்கவாட்டில் சிறு கீறல். அதன் வழியே மெல்லிய கம்பி ஒன்று இடுப்பெலும்பைத் துளைத்து, அது திருவெலும்போடு சேரும் மூட்டைக் கடந்து, திருவெலும்பின் மேல்துண்டான முதல் கண்டத்துக்குள் போகிறது. கம்பி சரியாக அமர்ந்ததும் அதன்மேல் கோத்து, சுமார் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள, நடுவில் துளையுள்ள ஸ்க்ரூ திருகப்படுகிறது.

[காட்சி: மூன்று எக்ஸ்ரே படங்கள் அருகருகே]

கம்பி போகும் பாதையைக் கண்ணால் பார்க்க முடியாது. தலைப்பக்கமிருந்து சாய்த்து எடுக்கும் படம் கம்பி முன்னே போகிறதா, பின்னே போகிறதா என்று காட்டும். கால்பக்கமிருந்து சாய்த்து எடுப்பது மேலா, கீழா என்று சொல்லும். பக்கவாட்டுப் படம் இன்னும் முக்கியம்: திருவெலும்பின் தோள்போன்ற பக்கப்பகுதிமேல் ஐந்தாம் இடுப்பு நரம்பு வேர் படிந்து ஓடுகிறது. கம்பி சற்றே முன்னால் வழுவினால் கால் பெருவிரலை மேலே தூக்க முடியாமல் போகலாம். கீழே இறங்கினால் முதல் திருவெலும்பு நரம்பின் துளைக்குள் நுழைந்துவிடும். இவ்வளவு கவனத்துக்கும் நடுவே, குடலில் வாயு நிறைந்திருந்தால் படமே மங்கிவிடும்!

சிலருக்குப் பிறவியிலேயே முதல் கண்டத்தின் பாதை குறுகலாக, சாய்வாக இருக்கும். அவர்களுக்கு இரண்டாம் கண்டம் பொருத்தமாக அமையலாம். இதை சி.டி. ஸ்கேனில் முன்கூட்டியே அளந்து தீர்மானிக்கிறார்கள். அந்த அளவீடு இல்லாமல் தொடங்குவது என் பார்வையில் துணிச்சல் அல்ல, அசட்டுத்தனம்.

வளையத்தின் முன்பக்க எலும்புக் கிளைக்கும் இதேபோல் நீண்ட ஸ்க்ரூ போடலாம். எலும்பு அடர்த்தி குறைந்து வலுவிழந்தவர்களுக்கு ஸ்க்ரூ தளர்ந்துவிடலாம் என்பதால் சில நேரம் எலும்பு சிமென்ட் சேர்ப்பார்கள்.

[காட்சி: வாக்கரோடு நடக்கும் நோயாளி]

தழும்பு சிறியது என்பதற்காக எலும்பு சீக்கிரம் கூடிவிடாது. நிலையற்ற முறிவுகளில் அடிபட்ட பக்கக் காலில் பல வாரங்கள் முழு எடை வைக்க விடமாட்டார்கள். வீடு திரும்பும் முன், எந்தக் காலில், எவ்வளவு எடை, எந்த நாளிலிருந்து என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.