சென்னையில் நாடகம் பார்க்கிறேன், ஏன் ஸ்டார் கொடுப்பதில்லை?

வணக்கம் மக்களே. பாளையங்கோட்டையிலிருந்து பேசுகிறேன். சென்னையில் பார்த்த நாடகங்களைப் பற்றிப் பேசும்போது ஏன் ஸ்டார் கொடுக்க மாட்டேன் என்கிறீர்கள், பார்க்கலாமா வேண்டாமா என்று ஒரே வார்த்தையில் சொல்லக்கூடாதா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். சினிமாவுக்கு அது சரி. இங்கே ஓடுகிற படம்தான் மயிலாப்பூரிலும் ஓடும். நாடகம் அப்படி இல்லை, அரங்கேற்றத்தன்று தடுமாறிய நடிகர் அஞ்சாவது காட்சியில் வேறு ஆளாக நிற்பார். எந்தத் தேதி, எந்த அரங்கம், எத்தனையாவது காட்சி என்று சொல்லாத விமர்சனத்தை நான் நம்புவதே இல்லை. 1867-இல் நம்ம பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தை இன்றைக்கும் ஸ்பெஷல் நாடகமாகப் போடுகிறார்கள், வெவ்வேறு ஊரிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகை இல்லாமல் மேடையிலேயே பாட்டும் தர்க்கமுமாக மோதுவார்கள். அதற்கு எத்தனை ஸ்டார் போடுவது, எந்த ராத்திரிக்குப் போடுவது?

அப்புறம் குரல். நான் எப்போதும் கடைசி வரிசையில்தான் உட்காருவேன். சபா நாடகங்களில் மேடைக்கு மேலே மைக் தொங்கும், வசனம் வந்ததும் நடிகர்கள் அதன் கீழே வந்து வரிசையாக நின்றுவிடுகிறார்கள், அண்ணன் தம்பி சண்டையில்கூட இரண்டு பேரும் நம்மைப் பார்த்துத்தான் கத்துகிறார்கள். வசனம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் காட்சி மனதில் இறங்க மாட்டேன் என்கிறது. கைதட்டல் கிடைத்துவிடுவதால் இதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் கணியான் கூத்து பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மகுடம் என்கிற தோல் மேளத்தை நெருப்பில் காய்ச்சி அடிக்க ஆரம்பித்த பிறகு, முதன்மைப் பாடகரான அண்ணாவி பாடுவதற்குப் பெண் வேடக்காரர்கள் ஆடிக்கொண்டிருக்க, ராத்திரி இரண்டு மணிக்குக் கூட்டம் கண்ணயர்ந்தால் அவர் அந்த இடத்திலேயே பாட்டின் போக்கை மாற்றுவார். எதிரே இருக்கிறவர்கள் மேல் அந்தக் கவனம் சென்னை மேடையிலும் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அதற்காக எல்லா நாடகத்தையும் ஒரே மாதிரி அளக்க முடியாது. ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்கிற நாடகக் குழுவில் பயின்ற நடிகர்கள் உடம்பாலேயே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கதை புரியவில்லை என்று மட்டும் எழுதுவது அநியாயம். உடம்பு என்ன செய்தது, வெளிச்சம் எங்கே விழுந்தது, எந்த இடத்தில் அரங்கமே மூச்சைப் பிடித்தது, அதை எழுதுங்கள்.

சரி, போகிறவர்களுக்கு ஒரு விஷயம். எழும்பூர் மியூசியம் தியேட்டர் 1896-இல் கட்டியது, ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் ஏழு மணிக் காட்சி முடிவதற்குள் நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்பிவிடும், தங்க இடம் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். முதல் காட்சிக்கே அடித்துப் பிடித்து ஓட வேண்டாம், ரெண்டு மூணு காட்சி போகட்டும், அப்புறம் போங்கள்.