கண்ணீரைக் கிண்டி எடுக்க வேண்டாம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைய உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தொலைக்காட்சிச் சமையல் போட்டியைத் தூக்கி நிறுத்துவது பரபரப்பா, பரிவா? இதுதான் இன்றைய கேள்வி. எனக்கு முன்னால் பேசிய நண்பர், "சண்டையும் கண்ணீரும் இல்லாவிட்டால் யாரய்யா பார்ப்பார்கள்? வெங்காயம் வதங்குவதையா ஒரு மணி நேரம் பார்ப்பார்கள்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போனார்.

பார்த்தார்கள் நடுவர் அவர்களே. 2016-இல் பிரிட்டனில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். 'தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' என்ற போட்டியின் இறுதிச் சுற்று அது. புல்வெளியில் ஒரு வெள்ளைக் கூடாரம், அதற்குள் வீட்டில் கேக்கும் ரொட்டியும் சுட்டுப் பழகிய சாதாரண மனிதர்கள். ஜெயித்தவருக்குப் பணப் பரிசு கிடையாது. ஒரு கேக் ஸ்டாண்டும் பூங்கொத்தும்தான்.

இந்த நிகழ்ச்சி பிறக்கும்போதே இப்படிப் பிறக்கவில்லை. 2010-இல் முதல் பருவம் எடுக்கும்போது, போட்டியாளர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டி, இறந்துபோன பாட்டியைப் பற்றிக் கேட்டு அழ வைக்கப் பார்த்தார்கள். தொகுப்பாளர்கள் மெல் கெட்ராய்ச், சூ பெர்கின்ஸ் இருவரும், "இதற்கு நாங்கள் சரிப்பட மாட்டோம்" என்று படப்பிடிப்பை விட்டு விலகினார்கள். இதைப் பின்னாளில் மெல் வெளிப்படையாகவே சொன்னார். அப்புறம்தான் நிகழ்ச்சியின் போக்கு மாறியது. யாராவது கலங்கி நின்றால் இந்த இரண்டு பெண்களும் ஓடிப்போய்த் தங்கள் கோட்டால் அவரை மூடுவார்களாம். கூடவே ஒளிபரப்ப முடியாத கெட்ட வார்த்தைகளாகப் பேசுவார்களாம். அந்தக் காட்சியைப் பயன்படுத்த முடியாதல்லவா? பரிவு என்றால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது என்று எதிரணி நினைக்கிறது. வேலையே போனாலும் பரவாயில்லை என்று இரண்டு பேர் காட்டிய துணிச்சல் அது.

அப்படியானால் அந்தக் கூடாரத்தில் பரபரப்பே இல்லையா? ஏன் இல்லை! முன்பின் பார்க்காத ஒரு செய்முறையைக் கையில் கொடுப்பார்கள், அதிலும் பாதி விவரம் இருக்காது. எவ்வளவு நேரம் சுட வேண்டும் என்றுகூட எழுதியிருக்காது. எல்லோரும் ஒரே பண்டத்தைச் செய்ய வேண்டும். எது யார் செய்தது என்று தெரியாமல்தான் நடுவர்கள் ருசி பார்ப்பார்கள். வளர்ந்த மனிதர்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அடுப்பின் கண்ணாடிக் கதவு வழியே மாவு உப்புகிறதா என்று கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதைவிட என்ன பதற்றம் வேண்டும்? கடைசி நிமிடத்தில் ஒருவருக்குக் கை நடுங்கினால், தன் வேலையை முடித்த இன்னொருவர் வந்து தட்டில் எடுத்து வைக்க உதவுவார். உதவி வாங்கியவரே ஜெயித்துவிடலாம். தெரிந்தேதான் உதவுகிறார்.

சரி, 2014-இல் நடந்தது என்ன என்று எதிரணி கேட்கும். நானே சொல்கிறேன். கேக் மேல் ஐஸ்கிரீம் வைத்துச் செய்யும் பேக்டு அலாஸ்கா என்ற இனிப்புக்கான சுற்று. கூடாரத்துக்குள் கடும் வெக்கை. ஒருவருடைய ஐஸ்கிரீமை, எழுபதை நெருங்கிய ஒரு பெண்மணி உறைபெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்தார். அது உருகியிருந்ததைப் பார்த்ததும் அந்த மனிதர் கோபத்தில் மொத்தத்தையும் குப்பைத் தொட்டியில் கொட்டினார். நடுவர்கள் முன்னால் அந்தத் தொட்டியைத்தான் கொண்டுபோய் வைத்தார். ருசி பார்க்க ஒன்றுமில்லாததால் வெளியேறினார். ஐஸ்கிரீம் வெளியே இருந்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் என்று, அப்போது நிகழ்ச்சியை ஒளிபரப்பிய பிபிசி பின்னால் விளக்கம் கொடுத்தது. ஆனால் வெட்டி ஒட்டிய காட்சியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெண்மணி சதிகாரியாகத் தெரிந்தார். இணையத்தில் அவரை வசை பாடித் தீர்த்தார்கள். ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அந்தக் கொண்டாட்டத்துக்கு விலை கொடுத்தது, கேக் சுட வந்த ஒரு வயதான அம்மா. உங்கள் பரபரப்புக்கு இதுதான் நியாயமான விலை என்றால், அந்த அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

எடிட்டிங் இல்லாத நிகழ்ச்சி உண்டா, பரிவும் ஒரு தயாரிப்புதானே என்றும் கேட்டார்கள். கேமராவை எங்கே திருப்புவது என்று யாரோ ஒருவர் முடிவு செய்யத்தான் செய்கிறார், மறுக்கவில்லை. ஆனால் 2015-ஐ நினைத்துப் பாருங்கள். வங்கதேச வம்சாவளியில் லூட்டனில் பிறந்த நதியா ஹுசைன் ஜெயித்தார். ஆரம்பத்தில் பதறிப் பதறி நின்றவர், கடைசியில் கண்ணீரோடு "இனி எனக்கு நானே எல்லை போட்டுக்கொள்ள மாட்டேன்" என்ற பொருளில் பேசினார். நடுவர் மேரி பெர்ரியும் கலங்கிப்போனார். யாரும் கிள்ளி அழ வைக்கவில்லை. வாரக்கணக்கில் அவர் மாவு பிசைந்ததைப் பார்த்த வீடுகளிலும் அந்த அழுகை தானாகவே வந்தது.

இன்னொன்று மட்டும் சொல்லிவிட்டு உட்காருகிறேன். 2017-இல் இந்த நிகழ்ச்சி பிபிசியை விட்டு சேனல் 4 என்ற இன்னொரு தொலைக்காட்சிக்குப் போனது. மூன்று ஆண்டுகளுக்கு ஏழரைக் கோடி பவுண்டு விலை என்று அப்போது செய்தி வந்தது. மெல், சூ, மேரி பெர்ரி மூவரும் கூடப் போகவில்லை. புது முதலாளிக்குத் தடுப்பார் யாருமில்லை. கத்துகிற நடுவரைக் கொண்டு வந்திருக்கலாம், பாட்டி கதையைக் கேட்டு அழ வைத்திருக்கலாம். செய்யவில்லை. அதே கூடாரம், அதே பூங்கொத்து, முடித்தவர் முடிக்காதவருக்கு உதவுகிற அதே பழக்கம். பரபரப்பில்தான் காசு என்றால், அவ்வளவு பணத்தைக் கொட்டியவர்களுக்கு அது தெரியாமலா போனது? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.