மின்கட்டணத்தில் வைரம் விளைந்த கதை

இதோ, திரையைப் பாருங்கள். "மின்கட்டணம் செலுத்த வேண்டும்." போனையும் ஆன்லைன் காலண்டரையும் ஒத்திசைக்கும் என் நிரலில் இப்போது போனிலும் இதே தலைப்பு, ஆன்லைன் காலண்டரிலும் இதே தலைப்பு. ஒரு எழுத்து சிதையவில்லை! போன வீடியோவில் எப்படி வந்தது என்று நினைவிருக்கும்: "வேண", அப்புறம் கேள்விக்குறி போட்ட இரண்டு கறுப்பு வைரம், அப்புறம் "டும்". எனக்கு வைர வியாபாரி என்று பெயர் வைத்தவர்களை நான் மறக்கவில்லை.

நான்கு ராத்திரி போனது இதற்கு. இரண்டு நாள் விடுமுறை மூன்று நாளாகத் தெரிந்த தகராறு கூட ஒரு மணி நேரத்தில் முடிந்தது. முழுநாள் நிகழ்வின் முடிவுத் தேதி கணக்கில் சேராது என்று புரிந்ததும் சரியாகிவிட்டது. இந்த வைரம் அப்படி இல்லை. சில தலைப்பில் வரும், சிலவற்றில் வராது. "ண்" புள்ளியை இழந்து "ண" என்று நின்றதால், புள்ளிதான் குற்றவாளி என்று முதல் இரண்டு ராத்திரியும் அதையே துரத்தினேன். அப்புறம் "வாகனக் காப்பீடு புதுப்பிக்கக் கடைசி நாள்" வந்தது. அதில் அத்தனை புள்ளியும் பத்திரம். "பி"யின் கொக்கி போய்விட்டது. என் கோட்பாடும் கூடவே போய்விட்டது.

மூன்றாம் ராத்திரி, எரிச்சலில், "செலுத்தவேண்டும்" என்று இடைவெளி விடாமல் சேர்த்து அடித்தேன். வைரம் காணோம்! மறுபடி இடைவெளி விட்டேன், வைரம் வந்தது. ஒரு இடைவெளி எப்படிப் புள்ளியைத் தின்னும்?

பேப்பரை எடுத்தேன். நான் பேப்பரை எடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். காலண்டர் நிகழ்வுகளை எழுதி அனுப்பும் ஐகேலண்டர் வடிவத்தில் ஒரு வரி 75 பைட்டை, அதாவது கணினி எழுத்தைச் சேமிக்கும் 75 சின்ன அலகை, தாண்டக் கூடாது. தாண்டினால் மடித்து, அடுத்த வரியை ஒரு இடைவெளியோடு தொடங்க வேண்டும். தலைப்பு வரியின் தொடக்கத்தில் வரும் "சம்மரி" என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 7 பைட், முக்காற்புள்ளிக்கு 1. மீதி 67. எழுத்தைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளியும் கொக்கியும் தனித்தனிக் குறிகள். இடைவெளி மட்டும் 1 பைட். ஒரு இடைவெளி இருந்தால் மீதி 66, மூன்றால் சரியாக வகுபடும், மடிப்பு இரண்டு குறிகளுக்கு நடுவே விழும். இரண்டு இடைவெளி இருந்தால் 65. கத்தி ஒரு குறியின் வயிற்றிலேயே இறங்குகிறது! இந்தப் பேப்பரை நான் தூக்கிப் போடப் போவதில்லை.

வெட்டியது ஆன்லைன் காலண்டர் இருக்கும் சர்வர். அது யாருடையது என்று கேட்காதீர்கள். ஆனால் கெடுத்தது என் நிரல்தான். வந்த பைட்டை முதலில் எழுத்தாக மாற்றிவிட்டு, பிறகு மடிப்பை நீக்கியது; வெட்டுப்பட்ட குறி எழுத்தாக மாற முடியாமல் வைரமானது. மடிப்பைப் பைட்டாகவே நீக்கி ஒட்டிவிட்டு, பிறகு எழுத்தாக மாற்ற வேண்டும். இரண்டு வரியை மேலும் கீழுமாக மாற்றினேன், அவ்வளவுதான். ஐகேலண்டர் விதிகளைச் சொல்லும் ஆவணமான, 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5545-லேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் படித்தும் இருக்கிறேன்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். இது பார்வைக்கு மட்டும் அசிங்கமாக இருந்த பிழை இல்லை. போனில் நினைவூட்டல் நேரத்தை மட்டும் பத்து நிமிடம் தள்ளி வைத்தேன். காலண்டரும் சர்வரும் பேசிக்கொள்ளும் கேல்டாவ் முறையில் முழு நிகழ்வும் திரும்பச் சர்வருக்குப் போகும். போனது, வைரத்தோடு! அங்கிருந்த நல்ல தலைப்பும் காலி. ஒவ்வொரு நிகழ்வுக்கும் சர்வர் தரும் பதிப்பு அடையாளமான ஈடேக் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தெரியும், மூன்று வீடியோவில் புகழ்ந்திருக்கிறேன். ஆனால் அது நடுவில் வேறு யாராவது மாற்றினார்களா என்று மட்டுமே பார்க்கும். நான் குப்பையை அனுப்பினாலும் கதவைத் திறந்துவிடும்.

இப்போது ஒரு சின்ன காவல் போட்டிருக்கிறேன்: தலைப்பில் வைரம் இருந்தால் மேலே அனுப்பாதே. இரண்டு முறை வரும் அந்தப் பல் மருத்துவர் சந்திப்பு என்ன ஆனது என்று கேட்டிருந்தீர்கள். அது யூஐடி, அதாவது நிகழ்வின் தனி அடையாள எண், சம்பந்தப்பட்ட பிரச்சினை, இன்னும் இரண்டு முறைதான் வருகிறது. நேர மண்டலம் பற்றி யாரும் இன்று வாயைத் திறக்கக் கூடாது.

வைரத்தோடு சர்வருக்குப் போய்ச் சேர்ந்த தலைப்புகள் பதினொன்று இருக்கின்றன. கையாலேயே திருத்தப் போகிறேன். அதில் ஒன்றில் ஏழு வைரம். அது என்ன சந்திப்பு என்று எனக்கே தெரியவில்லை, நாளைக் காலை ஒன்பது மணிக்கு.