இது யார் கூற்று?

நேயர்களுக்கு வணக்கம்.

‘கூற்று’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று பேச்சு, தலைவி கூற்று, தோழி கூற்று என்று பள்ளியில் படித்தோமே, அது. இன்னொன்று எமன். இறப்பைப் பற்றிய நவீன கவிதைகளைப் படிக்கும்போது எனக்கு இரண்டும் சேர்ந்தே ஞாபகம் வரும். கவிஞருக்கு என்ன துக்கம், என்ன நோய் என்று தேடிப் போகிறோம். அதற்கு முன், பேசுவது யார் என்று கேட்டுப் பாருங்கள்.

கும்பகோணத்தில் 1921இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த நகுலனின் கவிதை ஒன்று. நான்கே சொற்கள்:

இருப்பதற்கென்றுதான் வருகிறோம் இல்லாமல் போகிறோம்.

இருப்பது, இல்லாமை, வருவது, போவது. முரண் பளிச்சென்று தெரிகிறது. அந்த ‘தான்’ இல்லாவிட்டால் இது வெறும் தகவல். ‘தான்’ வந்ததும், நினைத்து வந்தது ஒன்று, நடந்தது ஒன்று என்ற ஏமாற்றம் உள்ளே வந்துவிடுகிறது. ‘இல்லாமல் போவது’ வீடுகளில் அன்றாடம் புழங்கும் பேச்சு. சாவி இல்லாமல் போகும், பழக்கம் இல்லாமல் போகும். ஆளும் அப்படித்தான்.

சரி, இது யார் கூற்று? ‘வருகிறோம்’ என்பதில் எழுவாய் இல்லை. நாமா, நாங்களா? ‘நாம்’ என்றால் கேட்கிற நீங்களும் அதில் சேர்த்தி. ‘நாங்கள்’ என்றால் ஏற்கெனவே போய்விட்டவர்கள் ஒன்றாக நின்று நம்மிடம் சொல்வதுபோல் ஆகிவிடும். நகுலன் 2007இல் காலமானார். அதற்குப் பிறகு படிக்கும்போது எனக்கு இந்த ‘நாங்கள்’தான் பலமாகக் கேட்கிறது.

அமெரிக்கக் கவிஞர் லூயிஸ் க்ளிக் இதை வேறு வழியில் செய்தார். 1992இல் வந்த ‘தி வைல்ட் ஐரிஸ்’ தொகுப்பில் பூக்கள் பேசும், தோட்டக்காரி பேசுவாள், கடவுளும் பேசுவார். முதல் கவிதையில் பேசுவது ஐரிஸ் பூ. நீ சாவு என்று சொல்கிறாயே, எனக்கு அது நினைவிருக்கிறது என்று மனிதரைப் பார்த்துச் சொல்கிறது. குளிர்காலம் முழுக்க இருண்ட மண்ணுக்குள் உணர்வோடு புதைந்து கிடந்து, பிறகு முளைத்து வந்தது அல்லவா! அனுபவம் பூவுக்கு, பயம் மட்டும் மனிதருக்கு. அதைக் கவிஞரின் சொந்தக் குரலாகப் படித்தால் கவிதையே கைநழுவிவிடும்.

‘உறங்குவது போலுஞ் சாக்காடு உறங்கி விழிப்பது போலும் பிறப்பு’ என்கிறது குறள். அந்த உறக்கத்துக்கு நடுவே கனவு வந்தால்? கனவில் சாவு வந்தால் வீட்டில் கல்யாணம், கல்யாணம் வந்தால் சாவு என்பார்கள். கனவைத் தலைகீழாகப் படிக்க ஊரே பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு கவிதைக்குள் வருகிறவருக்கு முரண் ஒன்றும் புதிதல்ல.

அப்பா போன மறு வருஷம் அம்மா ஒரு கனவு சொன்னாள். ஈர வேட்டியோடு அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தாராம். ‘ஏன் எல்லாரும் இல்லாமல் போய்ட்டீங்க?’ என்று கேட்டாராம். சொல்லிவிட்டு அம்மா முறத்தை எடுத்து அரிசி புடைக்கத் தொடங்கினாள். அந்தக் கேள்வி அப்பாவின் கூற்றா, அம்மாவின் கூற்றா என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை.