ஜன்னலோர மேசையும் மொட்டைமாடி சில்லரும்: ஆபீஸ் கட்டடம் மின்சாரத்தை எங்கே விழுங்குகிறது?

[காட்சி: பிற்பகல் நான்கு மணி. மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடியாக உள்ள ஓர் ஆபீஸ். எல்லா பிளைண்ட்ஸும் இறங்கியிருக்கின்றன. உள்ளே எல்லா விளக்குகளும் எரிகின்றன.]

வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே பட்டப்பகலில் விளக்கு எரிகிறது. வெளிச்சம் வர வேண்டும் என்றுதானே அவ்வளவு பெரிய கண்ணாடி வைத்தார்கள்?

ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரின் மேசைக்குப் போவோம். மூன்று மணிக்கு மேல் சாய்வெயில் நேராக அவர் மானிட்டரில் அடிக்கிறது. கண் கூசுகிறது, எழுத்து தெரியவில்லை. பிளைண்ட்ஸை இறக்கிவிடுகிறார். அறை இருட்டாகிறது, யாரோ எழுந்து விளக்கைப் போடுகிறார்கள். ஆனால் பிளைண்ட்ஸ் இருப்பது கண்ணாடிக்கு உள்பக்கம். வெப்பம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. விளக்கும் தன் பங்குக்குச் சூட்டைச் சேர்க்கிறது. இரண்டையும் வெளியே தள்ள ஏசி கூடுதலாக ஓடுகிறது. அந்தக் குளிர் தாங்காமல், நடுவில் உட்கார்ந்திருப்பவர் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறார். மறுநாள் காலையில் பிளைண்ட்ஸை யாரும் ஏற்றுவதில்லை.

இதில் யார் தப்பு செய்தார்கள்? தனித்தனியாகப் பார்த்தால் ஒருவரும் இல்லை. அதுதான் எனக்குக் கவலை தருகிற விஷயம். எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்தும் கட்டடம் மோசமாக வந்துவிடுகிறது.

[காட்சி: ஒரு வரைபடம் கைமாறிக்கொண்டே போகிறது. ஒவ்வொருவரும் அதில் ஒரு கோடு சேர்க்கிறார்கள்.]

வழக்கமாக நடப்பது இது. ஆர்க்கிடெக்ட் வடிவத்தை முடிவு செய்கிறார். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தூணும் உத்தரமும் போடுகிறார். அதற்குப் பிறகுதான் ஏசி இன்ஜினியர் கைக்கு வரைபடம் வருகிறது. அவரிடம் கேட்கப்படும் கேள்வி: “இதற்கு எத்தனை டன் வேண்டும்?” கட்டடம் எந்தத் திசை பார்க்க வேண்டும், கண்ணாடி எவ்வளவு இருக்கலாம் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பைசா செலவில்லாமல் பாதி வேலை முடிந்திருக்கும். நீளமான பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்த்தால், அளவான சன்ஷேடே வெயிலைத் தடுத்துவிடும். கிழக்கிலும் மேற்கிலும் சூரியன் தாழ்வாக வருவதால் சன்ஷேடுக்கு அடியில் நுழைந்துவிடுகிறது. இதைப் பேனாவால் மாற்றக்கூடிய காலம் ஒன்று உண்டு. அஸ்திவாரம் தோண்டிய பிறகு அது போய்விடுகிறது.

அடுத்து, பயம் செய்கிற வேலை. ஏசி போதவில்லை என்ற புகார் வரக்கூடாது என்று, கணக்குப் போடுகிறவர் 20 சதவீதம் கூட்டி வைக்கிறார். அவர் கூட்டியது தெரியாமல், மெஷின் தேர்வு செய்கிறவர் இன்னொரு 20. வாங்கிக்கொடுப்பவர் மேலும் ஒரு 20. நூறு டன் போதும் என்ற இடத்தில் 173 டன் வந்து உட்காருகிறது. வருஷத்தின் பெரும்பாலான நாட்கள் அந்த மெஷின் தன் பலத்தில் ஒரு பகுதியை வைத்துக்கொண்டு திணறி ஓடும். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் ஒரு தடவை கூட்டினால் போதும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஏசி டக்ட்டில் காற்றைத் தள்ளும் ஃபேனுக்கு ஒரு குணம். காற்றின் அளவை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், அதற்கான மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். பாதிக் காற்று போதும் என்றால், எட்டில் ஒரு பங்கு மின்சாரம்தான். அதாவது, வெப்பம் உள்ளே வருவதை முன்பக்கத்தில் கொஞ்சம் குறைத்தால், பின்பக்கத்தில் பல மடங்கு மிச்சமாகிறது. ஆனால் முன்பக்கம் ஆர்க்கிடெக்ட்டின் கையில், பின்பக்கம் ஏசி இன்ஜினியரின் கையில்.

நடுவில் பட்ஜெட். செலவு கூடிப்போச்சு, எதையாவது வெட்டணும் என்று ஒரு கூட்டம் நடக்கும். வேல்யூ இன்ஜினியரிங் என்று பேர். முதலில் கத்தி விழுவது வெளிப்புற சன்ஷேடு மீது. முகப்புக் கணக்கில் அது மிச்சம். அதே மாதம் ஏசி கணக்கில் சில்லர், அதாவது ஏசிக்குக் குளிர்நீர் தயாரிக்கும் மெஷின், ஒரு சைஸ் பெரிதாகும். இரண்டு கணக்கும் வேறு வேறு பக்கத்தில் இருப்பதால், கட்டடம் முடிந்த பிறகும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

[காட்சி: எம்பயர் ஸ்டேட் பில்டிங். அதன் ஜன்னல்கள் நெருக்கத்தில்.]

கூட்டிப் பார்த்தால் என்ன ஆகும்? நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் பில்டிங் 1931-இல் கட்டியது. 2009-இல் அறிவித்த புதுப்பிப்பில், சில்லரை மாற்றிப் பெரிதாக்குவது ஒரு வழியாக இருந்தது. ஆனால் அந்தக் குழு சில்லரில் தொடங்கவில்லை. ஜன்னலில் தொடங்கியது. மொத்தம் 6,514 ஜன்னல்கள். அவற்றைக் கழற்றி, கட்டடத்தின் 5-வது மாடியிலேயே ஒரு பட்டறை போட்டு, பழைய கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய ஃபிலிமும் வாயுவும் சேர்த்துத் திரும்பப் பொருத்தினார்கள். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் சுவரோர ரேடியேட்டர்களுக்குப் பின்னால் வெப்பம் வெளியே கசியாமல் தடுப்பு வைத்தார்கள். விளக்குகளைக் கவனித்தார்கள். குளிரூட்டும் தேவை அவ்வளவு இறங்கியதால், பெரிய சில்லர் தேவையே இல்லாமல் போனது. இருந்ததையே சீர்செய்து வைத்துக்கொண்டார்கள். எரிசக்தியை 38 சதவீதம் குறைப்பது திட்டத்தின் இலக்கு. ஜன்னலுக்கு ஆன செலவை ஜன்னலின் மிச்சத்தோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால், அது கட்டுப்படியாகாது என்று ஒதுக்கியிருப்பார்கள்.

புதுக் கட்டடத்துக்கு என் மனதில் நிற்கும் உதாரணம், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கோல்டன் நகரில், தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம் 2010-இல் திறந்த ஆபீஸ். சுமார் 2,22,000 சதுர அடி. அவர்கள் வடிவத்தைச் சொல்லி டெண்டர் விடவில்லை. எண்ணைச் சொன்னார்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 110 யூனிட், அதற்குள் கட்டடம் ஓட வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. டிசைன் செய்பவரும் கட்டுபவரும் ஒரே அணி. விலையும் முன்பே முடிவு.

எண் ஒன்று எல்லோர் தலைக்கு மேலும் தொங்கினால் பேச்சே மாறிவிடுகிறது. கட்டடத்தின் அகலம் வெறும் 60 அடி. பகல் வெளிச்சம் நடு மேசை வரை எட்டட்டும் என்று. ஜன்னல் இரண்டு துண்டு: கீழ்த்துண்டு வெளியே பார்க்க, மேல்துண்டு வெளிச்சத்தைக் கூரைப் பக்கம் திருப்பி உள்ளே அனுப்ப. மேசைக்கு வந்தால் அதைவிட நுணுக்கம். போன் எத்தனை வாட், கம்ப்யூட்டர் எத்தனை வாட் என்று எண்ணி, ஆளுக்கொரு பிரின்டர் வைக்கும் பழக்கத்தையே எடுத்துவிட்டார்கள். ஜன்னலைத் திறக்க நல்ல நேரம் எது என்று கம்ப்யூட்டரிலேயே செய்தி வரும். ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர், கம்ப்யூட்டர் வாங்குகிறவர், அங்கே வேலை செய்கிறவர் எல்லோருக்கும் அந்த ஒரு எண்ணில் பங்கு இருந்தது.

[காட்சி: காங்கிரீட் போடுவதற்கு முன், கம்பிக் கட்டின் மேல் வளைந்து வளைந்து ஓடும் பிளாஸ்டிக் குழாய்கள்.]

இந்தக் குழாய்களில் குளிர்ந்த நீர் ஓடும். தளமே குளிர்ந்து அறையைக் குளிர்விக்கும். ஹைதராபாதில் இன்ஃபோசிஸ் தன் ஆபீஸ் கட்டடம் ஒன்றைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இதையும் மறுபாதிக்கு நன்றாக வடிவமைத்த வழக்கமான காற்று ஏசியையும் வைத்து அளந்தது. குழாய்ப் பாதியில் குளிரூட்டும் மின்சாரம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. குழாய்க்கு மேல் காங்கிரீட் விழுந்தால் பிறகு கை வைக்க முடியாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், ஏசி இன்ஜினியர், காண்ட்ராக்டர் மூவரும் காங்கிரீட் போடும் முன் ஒத்துப்போயே ஆக வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சுவரில் துளை போட வருகிற எலக்ட்ரீஷியனுக்கும் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரிய வேண்டும்.

எல்லோரும் கூடி உட்கார வேண்டிய அந்த மேசையில் பெரும்பாலும் காலியாகவே இருக்கும் ஒரு நாற்காலி உண்டு. கட்டடத்தை நாளைக்கு ஓட்டப்போகிற பராமரிப்பு சூப்பர்வைசரின் நாற்காலி. அருமையான சென்சார், காற்று வரும் வழியைத் தானாகத் திறந்து மூடும் டேம்பர் எல்லாம் இருந்தும், ஏன் இப்படி ஓடுகிறது என்று சொல்லித்தர ஆளில்லாமல், புகார் வந்த முதல் வாரமே எல்லாவற்றையும் மேனுவலுக்கு மாற்றிவிடுகிறார்கள். பிறகு அது திரும்ப ஆட்டோவுக்குப் போவதே இல்லை. அவரை முதல் கூட்டத்துக்கே அழையுங்கள். வரைபடத்தைப் பார்த்ததும் அவர் கேட்பார்: “ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கிற இந்த வால்வைத் திறக்க, நான் ஏணியை எங்கே வைப்பது?”