வெளிநாட்டு சப்ளையர் தொழிற்சாலையில் தரத்தை எந்த இடத்தில் பிடிப்பது?

[திரை: பெட்டிகள் அடுக்கிய கன்டெய்னர், கதவு மூடுகிறது]

10,000 ஷாஃப்ட், அதாவது சுழலும் உருளைத் தண்டு. கன்டெய்னர் ஏறுவதற்கு முந்தைய நாள் இன்ஸ்பெக்டர் போகிறார், 200 எடுத்து அளக்கிறார், 'பாஸ்' என்று அறிக்கை வருகிறது. சரக்கு கடல் கடந்து வந்து சேர்ந்த பிறகு, உங்கள் அசெம்பிளி லைனில் ஷாஃப்ட் பேரிங்குக்குள் நுழையவில்லை. அதற்குள் அடுத்த இரண்டு லாட், அதாவது இதே போன்ற இரண்டு தொகுப்பு, கப்பலில் இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் ஏமாற்றிவிட்டாரா? பெரும்பாலும் இல்லை. கணக்கைப் பாருங்கள்.

[திரை: மாதிரி அட்டவணை. 3,201–10,000 / 200 / ஏற்பு 10 / நிராகரிப்பு 11]

மாதிரி ஆய்வுக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 2859-1. அதன் அட்டவணையில் சாதாரண ஆய்வு, பொது நிலை இரண்டு, ஏக்யூஎல் (ஏற்கத்தக்க பழுது அளவு) 2.5 சதவீதம் என்று எடுத்தால், இந்த லாட்டுக்கு 200 பீஸ் பார்க்க வேண்டும். 10 வரை பழுது இருந்தால் ஏற்பு, 11 ஆனால் நிராகரிப்பு. இப்போது லாட்டில் 5 சதவீதம் பழுது, அதாவது 500 பீஸ் கெட்டது என்று வையுங்கள். அந்த லாட் பாஸ் ஆகும் வாய்ப்பு எவ்வளவு? சுமார் 58 சதவீதம். நாணயம் சுண்டினால் வருவதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஒரே பானை, ஒரே தீ என்பதால் அது பலிக்கிறது. இந்த லாட்டோ இரண்டு மெஷின், மூன்று ஷிப்ட், இரண்டு வெவ்வேறு கம்பிக் கட்டுகளிலிருந்து வந்தது. பல பானைச் சோற்றை ஒரே அண்டாவில் கொட்டிவிட்டுப் பதம் பார்க்கிறோம். கடைசி ஆய்வை நிறுத்தச் சொல்லவில்லை. அதை மட்டும் நம்பியிருப்பது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

[திரை: சிஎன்சி லேத், சுழலும் கம்பி, இன்சர்ட் நுனி]

மெஷினுக்குப் போவோம். வரைபடம் கேட்பது 12.00 மி.மீ. விட்டம், கூடக் குறைய 0.03. இன்சர்ட் என்பது உலோகத்தைச் சீவும் சிறு வெட்டுத் துண்டு. அதன் நுனி தேயத் தேய, வெட்டும் ஆழம் குறைந்து விட்டம் பெருக்கும். ஆபரேட்டர் ஆஃப்செட் கொடுத்து, அதாவது கருவியின் இடத்தை மெஷினில் எண்ணால் திருத்தி, விட்டத்தைத் திரும்ப இறக்குவார். இந்த வேலையின் உயிரே இந்த இரண்டு வரிதான். தேய்மானத்தையும் ஆஃப்செட்டையும் பிடித்தால் விட்டத்தைப் பிடித்தாயிற்று.

ஆனால் அதற்கு முன், அளவுகோலைச் சந்தேகப்படுங்கள். மொத்த டாலரன்ஸ், அதாவது அனுமதிக்கும் வித்தியாசம், 0.06. பல பட்டறைகளில் இதை வெர்னியர் காலிபரால் பார்க்கிறார்கள். கருவியே 0.02 தப்பலாம் என்றால், டாலரன்ஸில் மூன்றில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். 0.001 காட்டும் மைக்ரோமீட்டர் வேண்டும்.

கருவி சரியாக இருந்தால் போதாது, கைகளும் ஒத்துப்போக வேண்டும். 10 பீஸ், 3 பேர், ஆளுக்கு மூன்று முறை. எந்த பீஸ் என்று தெரியாதபடி வரிசையைக் கலைத்துக் கொடுங்கள். அளவீட்டால் வரும் சிதறல் மொத்தச் சிதறலில் 10 சதவீதத்துக்குள் என்றால் நல்லது. 10 முதல் 30 என்றால் வேலையைப் பொறுத்து முடிவு. 30-ஐத் தாண்டினால் அந்த அளவீட்டை வைத்து எதுவும் பேச முடியாது. ஒரு எச்சரிக்கை: அந்தப் பத்தை சப்ளையர் பொறுக்கித் தரக்கூடாது. வேண்டுமென்றே மிகப் பெரியதும் மிகச் சிறியதுமாகச் சேர்த்தால் முடிவு அழகாக வந்துவிடும். வெவ்வேறு நாள், வெவ்வேறு ஷிப்டிலிருந்து நீங்கள் எடுங்கள்.

அதே பத்தில் எண் பொறித்து, உங்கள் லேபிலும் அளந்து ஒப்பிடுங்கள். 'எங்களிடம் சரியாக இருந்தது' என்ற வாக்குவாதங்களில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

[திரை: கன்ட்ரோல் சார்ட், புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுகின்றன]

இனி கன்ட்ரோல் சார்ட், அதாவது வேலை வழக்கம்போல ஓடுகிறதா என்று நேரத்தோடு காட்டும் வரைபடத் தாள். 1924-இல் வால்டர் ஷூஹார்ட் போட்ட அடித்தளம், இன்றும் அதே கணக்குதான். மணிக்கு ஒருமுறை, அடுத்தடுத்து வரும் 5 பீஸை அளந்து, சராசரியையும் வீச்சையும் (ஐந்தில் பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள வித்தியாசம்) குறிக்கிறோம். 25 மணி நேரத் தரவு சேர்ந்ததும் எல்லை போடுகிறோம். உதாரணத்துக்கு, மொத்தச் சராசரி 12.004, சராசரி வீச்சு 0.014. ஐந்து பீஸுக்கான மாறிலி 0.577. அதை 0.014-ஆல் பெருக்கினால் 0.008. ஆக எல்லைகள் 11.996, 12.012. வீச்சுக்கான மேல் எல்லை 2.114 பெருக்கல் 0.014, அதாவது 0.030.

இந்த இடத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள்: வரைபட எல்லையான 12.030-ஐ எடுத்துச் சராசரி சார்ட்டில் கோடாகப் போட்டுவிடுவார்கள். ஐந்தின் சராசரி, தனி பீஸைப் போல அலையாது. அது 12.020-இல் நிற்கும்போது சார்ட்டில் எல்லாம் சுகம். ஆனால் தனி பீஸ்களில் 100-க்கு ஏறக்குறைய 5 வெளியே போய்க்கொண்டிருக்கும். ஆம், கன்டெய்னரில் பாஸ் ஆன அதே 5 சதவீதம்.

மெஷின் வேலையின் திறனையும் பார்த்துவிடலாம். 0.014-ஐ ஐந்து பீஸுக்கான இன்னொரு மாறிலி 2.326-ஆல் வகுத்தால் சிக்மா, அதாவது தனி பீஸ்களின் சிதறல் அளவு, 0.006. சராசரியிலிருந்து வரைபட மேல் எல்லையான 12.030-க்கு உள்ள தூரம் 0.026, மூன்று சிக்மாவால் வகுத்தால் சிபிகே, அதாவது திறன் எண், 1.44. வழக்கமாகக் கேட்கும் 1.33-ஐத் தாண்டிவிட்டது. சராசரி வெறும் 8 மைக்ரான் நகர்ந்து 12.012-ஐத் தொட்டால் அதே சிபிகே 1.0 ஆகிவிடும். அதனால், ஆறு மாதத்துக்கு முன் எடுத்த ஒற்றை சிபிகே எண்ணைக் காட்டினால் அதற்கு மதிப்பில்லை.

புள்ளி எல்லையைத் தாண்டினால் யார் என்ன செய்ய வேண்டும் என்பது மெஷின் பக்கத்திலேயே, ஆபரேட்டரின் மொழியில் ஒட்டியிருக்க வேண்டும். மெஷினை நிறுத்து. கடைசியாகச் சரியாக இருந்த அளவீட்டுக்குப் பிறகு வந்த எல்லாவற்றையும் ஒதுக்கு. ஆஃப்செட் கொடு அல்லது இன்சர்ட்டை மாற்று. 5 பீஸ் அளந்த பிறகே ஓட்டு. இது நடக்க, ஒவ்வொரு மணி நேர உற்பத்தியும் தனித் தட்டில் இருக்க வேண்டும். ஒரே தொட்டியில் விழுந்தால் 'ஒதுக்கு' என்பது வெறும் எழுத்து. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: ஒவ்வொரு பீஸுக்கும் ஆஃப்செட்டைத் தொட்டுக்கொண்டே இருப்பது. அது சிதறலைக் கூட்டும், குறைக்காது.

[திரை: கையால் நிரப்பிய பதிவுத் தாள், நெருக்கத்தில்]

தாளை நம்பலாமா? மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். நான்கு மணிக் கட்டம் நிரம்பியிருக்கிறதா? இரண்டு ஷிப்டுக்கும் ஒரே கையெழுத்தா? எண்ணெய்க் கறையே இல்லையா? கடைசி இலக்கம் எப்போதும் 0 அல்லது 5-ஆ? 12.028, 12.029 குவிந்து, 12.031 ஒன்றுகூட இல்லையென்றால், எல்லை தாண்டியதை யாரோ உள்ளே தள்ளி எழுதுகிறார். இதற்குப் பெரும்பாலும் காரணம் ஆபரேட்டர் அல்ல. உண்மையை எழுதினால் திட்டு விழும் ஏற்பாடு.

மாற்றங்கள் பற்றி ஒப்பந்தத்தில் எழுதியே ஆக வேண்டும்: கம்பி வாங்கும் இடம், இன்சர்ட் ரகம், மெஷின், வெளியே கொடுக்கும் பூச்சு வேலை. எதை மாற்றினாலும் முன்கூட்டியே எழுத்தில் தகவல், புதிய முதல் மாதிரி. கம்பியின் உலோகத்தைச் சோதிக்க எக்ஸ்ரே துப்பாக்கி (உலோகக் கலவையைக் காட்டும் கைக்கருவி) போதும் என்று நினைக்க வேண்டாம், அது எஃகில் கார்பனைக் காட்டாது.

பழுது வந்து திருத்த அறிக்கை கேட்டால், 'ஆபரேட்டர் கவனக்குறைவு, மீண்டும் பயிற்சி' என்று வரும். திருப்பி அனுப்புங்கள். பழுது ஏன் உருவானது, உருவானது ஏன் கண்ணில் படாமல் தப்பியது, இரண்டுக்கும் தனித்தனி பதில் வேண்டும்.

[திரை: பெட்டி லேபிள்: மெஷின், தேதி, மணி, கம்பிக் கட்டு எண்]

கப்பலில் இருக்கும் அந்த இரண்டு லாட்? லேபிளில் இந்த நான்கும் இருந்து, சார்ட்டும் உண்மையாக இருந்தால், புள்ளி எல்லை தாண்டிய மணிக்குரிய பெட்டிகளை மட்டும் பிரித்து அளந்தால் போதும். லேபிளில் வெறும் லாட் எண்தான் என்றால், 20,000 ஷாஃப்டையும் ஒவ்வொன்றாக.