ஸ்காட்டஸ் என்பவர் எந்த நாட்டவர்?

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

வியன்னா நகரின் நடுவே ஷாட்டன்ஸ்டிஃப்ட் என்றொரு பழைய மடம் இருக்கிறது. 'ஸ்காட்டியர் மடம்' என்பது அதன் பொருள். 1155இல் ஆஸ்திரியாவை ஆண்ட இரண்டாம் ஹென்றி, ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரிலிருந்து துறவிகளை வரவழைத்து அதை நிறுவினார். பெயரைப் படிப்பவர் அவர்களை ஸ்காட்லாந்துக்காரர் என்றே எண்ணுவார். ஆனால் அவர்கள் அயர்லாந்துத் துறவிகள்.

முற்கால இலத்தீனில் 'ஸ்கோட்டி' என்பது கேலிக் மொழி பேசிய அயர்லாந்து மக்களையே குறித்தது. அவர்களுடைய தீவுக்கு 'ஸ்கோட்டியா' என்ற பெயரும் வழங்கியது. ஒன்பதாம் நூற்றாண்டு மெய்யியலாளர் ஜோஹான்னஸ் ஸ்காட்டஸ் எரியுகெனா, 'ஸ்காட்டஸ்' என்ற பெயருடன் 'அயர்லாந்தில் பிறந்தவன்' என்று பொருள்படும் பெயரையும் சேர்த்துக்கொண்டார். நானூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த டன்ஸ் ஸ்காட்டஸோ ஸ்காட்லாந்தின் டன்ஸ் ஊரார். ஒரே சொல்; அதற்குள் அது கடல் தாண்டிவிட்டது.

அந்தக் கடல் அகலமானதன்று. அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கரைக்கும் ஸ்காட்லாந்தின் கின்டயர் முனைக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். காடும் மலையும் கடந்து நடப்பதைவிடப் படகேறுவது எளிதாயிருந்த காலத்தில், அந்நீர்ப்பரப்பு பிரிக்கும் எல்லையாக அல்ல, சேர்க்கும் பாதையாகவே இருந்தது. இரு கரையிலும் பரவியிருந்த தால் ரியாட்டா அரசு அதற்குச் சான்று. 563இல் கொலும்பா என்ற துறவி அயர்லாந்திலிருந்து வந்து ஸ்காட்லாந்தின் அயோனாத் தீவில் மடம் அமைத்ததும் அந்தப் பாதையில்தான். இதனால் ஸ்காட்லாந்தியர் அனைவரும் அயர்லாந்து வழியினர் என்று நான் சொல்லவில்லை. பிக்டுகள், பிரிட்டன்கள், ஆங்கிலியர், நார்ஸ் மக்கள் ஆகியோரின் குருதியும் அவர்களிடம் கலந்திருக்கிறது. ஆயினும் நாட்டின் பெயரும் கேலிக் மொழியும் அயர்லாந்துக் கரையோடு உறவு கொண்டவை.

பின்னாளில் இந்த உறவே பிணக்காக மாறியது என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. பதினாறாம் நூற்றாண்டில் அயர்லாந்துத் துறவிகளின் ரேகன்ஸ்பர்க் மடம், 'ஸ்காட்டியர்' என்ற பெயரின் வலுவால், ஸ்காட்லாந்துத் துறவிகளின் கைக்குப் போயிற்று. அடுத்த நூற்றாண்டில் தாமஸ் டெம்ப்ஸ்டர் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் அயர்லாந்துப் புனிதர் பலரைத் தம் நாட்டவராக எழுதிவைக்க, அயர்லாந்து அறிஞர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆனால் பதினான்காம் நூற்றாண்டிலேயே ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் அயர்லாந்து மன்னர்களுக்கு எழுதிய கடிதத்தில், இரு மக்களும் ஒரே வித்திலிருந்து முளைத்தவர்கள் என்றும், பொதுவான மொழியும் வழக்கங்களும் தங்களை இணைக்கின்றன என்றும் உரிமையோடு கூறியிருந்தார்.

அதே நாட்டின் தாழ்நில மக்கள், முன்பு 'ஸ்காட்டிஷ்' என்று தாங்களே அழைத்த கேலிக் மொழியை, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதிக்குப் பின் 'ஐரிஷ்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். தங்கள் ஆங்கிலம் சார்ந்த பேச்சுக்கே 'ஸ்காட்டிஷ்' என்ற பெயரை வைத்துக்கொண்டார்கள்.